டேகேர் ரிவ்யூ: சென்னை சோழிங்கநல்லூர் பக்கம் 'ஃப்ளெக்ஸி டைமிங்' போர்டு போட்ட ஒரு இடம்

பேரு போடல. நல்லதும் சொல்லப் போறேன், திட்டவும் போறேன், தனி வீட்டை வச்சு நடத்தற சின்ன இடம், பேரைப் போட்டு ஸ்டாரைக் குறைச்சா அவங்க பொழப்புல மண்ணு. சோழிங்கநல்லூர் சிக்னல்ல இருந்து மேடவாக்கம் போற ரோட்ல கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு தெரு, கீழ டேகேர், மாடில ஓனர் மேடம் வீடு. கேட்லயே பெருசா 'ஃப்ளெக்ஸி டைமிங் உண்டு'னு போர்டு. அந்த ஒரு வரிக்காகத்தான் பாப்பாவை அங்க சேர்த்தோம், அதனால ரிவ்யூவும் முக்கியமா அதைப் பத்திதான், சாப்பாடு சுத்தம் கேமரா எல்லாம் கடைசில சுருக்கமா சொல்லிடறேன்.

எங்க வீட்டு நிலவரம் சொன்னாத்தான் மிச்சம் புரியும். நான் ஐடி, ஆபீஸ் சிறுசேரில, ஃப்ளெக்ஸி அவர்ஸ், அதாவது பதினோரு மணில இருந்து நாலு வரைக்கும் கட்டாயம் லாகின்ல இருக்கணும், மிச்ச நேரத்தை முன்னாடியோ பின்னாடியோ போட்டு கணக்கை முடிச்சுக்கலாம், வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை. வொய்ஃப் அரசு வங்கில கேஷ் கவுன்ட்டர். அங்க ஃப்ளெக்ஸியாவது ஒண்ணாவது, கேஷ் டேலி ஆகாம சீட்டை விட்டு எந்திரிக்க முடியாது, அம்பது ரூபா இடிச்சாக்கூட உக்காந்து ஸ்லிப்பைப் புரட்டணும். ரெண்டாவது நாலாவது சனிக்கிழமை லீவு, மத்த சனிக்கிழமை எல்லாம் வேலை. எங்க அம்மா ஊர்ல அப்பாவைப் பாத்துக்கறாங்க, மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மாடிப்படி ஏற முடியாது. ஆக வீட்ல வளைஞ்சு குடுக்கற ஆளு நான் ஒருத்தன்தான். பாப்பாவுக்கு ரெண்டரை வயசு, அவளும் வளைய மாட்டா.

சரி, இவங்க ஃப்ளெக்ஸினு சொல்றது என்னன்னா, காலைல எட்டுல இருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் திறந்திருக்கும், ஃபுல் டே ஹாஃப் டே பேக்கேஜ் தவிர மாசத்துக்கு 120 மணி நேரம்னு ஒரு பேக் இருக்கு, அந்த 120ஐ நம்ம இஷ்டத்துக்கு எப்ப வேணா யூஸ் பண்ணிக்கலாம். கேக்க அமிர்தமா இருக்குல்ல? சேர்ந்த அப்புறம்தான் தெரியுது, அடுத்த வாரம் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வருவோம்னு சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வாட்ஸ்அப்ல போட்டுடணும், மாத்தணும்னா ஒரு நாள் முன்னாடி சொல்லணும், சொல்லாம மாத்தினா புக் பண்ண நேரத்துக்கும் காசு, வந்த நேரத்துக்கும் காசு. இதுக்குப் பேரு ஃப்ளெக்ஸி இல்ல, நம்ம கையால நாமே போட்டுக்கற ரோஸ்டர்.

என் வேலைல அடுத்த வாரம் என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. கிளையன்ட் அமெரிக்கால ஈஸ்ட் கோஸ்ட், அவங்க காலைல ஒன்பது மணிக்கு வைக்கற மீட்டிங் நமக்கு சாயங்காலம் ஆறரை. நவம்பர்ல அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பினா அதுவே ஏழரை ஆயிடும், மார்ச்ல மறுபடி ஆறரை. அங்க யாரோ முள்ளைத் திருப்பினதுக்கு இங்க சோழிங்கநல்லூர்ல என் பொண்ணோட பிக்கப் டைம் மாறுது. ஆறரைக்கு மீட்டிங் இருக்கற மாசம் எல்லாம் ஒண்ணு ஆறுக்குள்ள பாப்பாவைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்து அவளை மடில வச்சுக்கிட்டு மியூட்ல உக்காரணும், இல்ல வொய்ஃப் பஸ்ல இருந்து இறங்கி நேரா ஓடி ஏழுக்குள்ள கூட்டிட்டு வரணும். ஓஎம்ஆர் ரோட்ல மெட்ரோ வேலை நடக்கற லட்சணத்துல ஏழுக்குள்ளனு சொல்றது எல்லாம் வேண்டுதல் மாதிரி.

இதை மேடம்கிட்ட நேராவே கேட்டேன், போர்டுல ஒண்ணு போட்டு உள்ள ஒண்ணு பண்றீங்களேன்னு. அவங்க கோச்சுக்கல, உக்கார வச்சு நோட்டைத் திறந்து காட்டுனாங்க. எத்தனை குழந்தை எத்தனை மணிக்கு வரும்னு தெரிஞ்சாத்தான் எத்தனை ஆயாவை எப்ப வரச் சொல்றதுனு அவங்களால சொல்ல முடியும். சின்னக் குழந்தைன்னா ஒரு ஆயாவுக்கு மூணு நாலுக்கு மேல விடக் கூடாதுனு வச்சிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா அதுக்கு ஆளு வேணும். "உங்களுக்கு ஃப்ளெக்ஸி குடுக்கறதுக்கு நான் யாரையாவது சும்மா உக்கார வச்சு சம்பளம் குடுக்கணும் சார், இல்லன்னா யாரையாவது திடீர்னு கூப்புடணும், அவங்களுக்கும் வீட்ல குழந்தை இருக்கு"னாங்க. நியாயம்தான், என்னால பதில் சொல்ல முடியல. ஆனா அப்ப போர்டை மாத்துங்கனு சொன்னேன். போர்டு இன்னும் அப்படியேதான் இருக்கு. ஒரு ஸ்டார் அங்கயே கட்.

ஆனா அதுக்கப்புறம் ஒரு வழி பண்ணுனாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை மட்டும், அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள சொன்னா, இடம் இருந்தா, டபுள் காசு இல்லாம நேரத்தை மாத்திக்கலாம். எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் குரூப்ல போட்டாங்க. இதுதான் உண்மையான வித்தியாசம்னு நான் சொல்வேன். எட்டு டு ஏழு எல்லா இடத்துலயும் இருக்கு, ஒன்பது மணி வரைக்கும் திறந்து வைக்கற இடம்கூட பெருங்குடி பக்கம் இருக்கு, ஆனா நமக்குத் தேவை நீளமான நேரம் இல்ல, அன்னிக்குக் காலைல ஒண்ணு சொல்லி மத்தியானம் இன்னொண்ணு சொன்னா திட்டாம கேட்டுக்கற ஒரு ஆளு. என் ஆபீஸ்ல அது இன்னும் கிடைக்கல, இங்க வாரத்துக்கு ரெண்டு தடவை கிடைக்குது.

இப்ப ஆயாங்களைப் பத்தி. டேகேர் ரிவ்யூன்னாலே கேமரா இருக்கா, ஏசி இருக்கா, டாய்ஸ் எப்படின்னுதான் எழுதறாங்க, குழந்தையைத் தூக்கி வச்சிருக்கற ஆளைப் பத்தி ஒரு வரி இருக்காது. எங்க பாப்பாவைப் பாத்துக்கற அக்கா பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்புல இருந்து வராங்க, சிட்டிக்குள்ள இருந்து காலி பண்ணி இங்க கொண்டு வந்து குடி வச்ச குடும்பம். அவங்களுக்கே ரெண்டு பசங்க, பெரியவன் அரசு ஸ்கூல்ல மூணாவது, சின்னவ அங்கன்வாடி. காலைல ஷிப்ட் எட்டு மணின்னா ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். எப்படிக்கா சமாளிக்கறீங்கன்னு கேட்டா, ஸ்கூல்ல காலைல டிபன் போட ஆரம்பிச்சதுல இருந்து பெரியவன் பிரச்சனை இல்ல சார், உப்புமாவோ பொங்கலோ அங்கயே சாப்டுக்குவான்னாங்க. அந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, அப்ப நியூஸ்ல பாத்துட்டு குழந்தைங்களுக்கு நல்லதுன்னு மட்டும்தான் நெனச்சேன், அது ஒரு அம்மாவை எட்டு மணி ஷிப்டுக்குப் போக விடுதுன்னு இந்த வராண்டால நின்னு பேசினப்பதான் தெரிஞ்சுது. அவங்க எட்டுக்கு வர்றதாலதான் நான் எட்டரைக்கு லாகின் பண்றேன்.

சின்னவதான் கஷ்டம், அங்கன்வாடி சாயங்காலத்துக்கு முன்னாடியே முடிஞ்சுடும், பக்கத்து வீட்டுப் பாட்டி பாத்துக்கறாங்க, அவங்களுக்கு மாசம் கொஞ்சம் குடுக்கணும். வீட்டுக்காரர் ஒரு கம்பெனில ஷிப்ட். 2023 ஏப்ரல்ல பேக்டரில 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கற மாதிரி சட்டசபைல ஒரு மசோதா நிறைவேத்துனாங்களே, அதையும் ஃப்ளெக்ஸினுதான் சொன்னாங்க, வாரத்துக்கு மொத்த நேரம் அதிகமாகாது, ஒரு நாளைக்குத்தான் அதிகமாகும்னு. யூனியன் எல்லாம் சேந்து எதிர்த்து மே 1 அன்னிக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார். அக்கா அதை நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க, "அது வந்திருந்தா அவரு அங்க பன்னெண்டு மணி நேரம் நிப்பாரு, நான் வேலையை விட்டிருப்பேன் சார்"னாங்க, அவ்ளோதான் கணக்கு.

லேட் ஃபீஸ் விஷயம் இங்கதான் வருது. ஏழு மணிக்கு மேல பதினஞ்சு நிமிஷத்துக்கு நூறு ரூபா. எல்லா டேகேர்லயும் இருக்கறதுதான், காசு குடுக்கறவங்களும் குடுத்துட்டுப் போயிடுவாங்க, காசுதான் கட்டிட்டோமேன்னு அடுத்த நாள் இன்னும் லேட்டா வருவாங்க. ஆனா லேட்டா நிக்கறது மேடம் இல்ல, ஆயா. கடைசி குழந்தை போற வரைக்கும் அவங்க செருப்பைப் போட்டுக்கிட்டு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு குழந்தையையும் இடுப்புல வச்சுக்கிட்டு கேட்லயே நிப்பாங்க, ஷேர் ஆட்டோ ஒவ்வொண்ணா போறதைப் பாத்துக்கிட்டு. இந்த இடத்துல அந்த லேட் ஃபீஸ்ல பாதி அன்னிக்கு நிக்கற ஆயாவுக்குக் கைல குடுத்துடறாங்க, அன்னிக்கே. நான் விசாரிச்ச வேற எந்த டேகேர்லயும் இது இல்ல. கட் பண்ண ஸ்டார்ல பாதியைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

காய்ச்சல் ரூல்: நூறு டிகிரி வந்துட்டா போன் பண்ணுவாங்க, ஒரு மணி நேரத்துல வந்து தூக்கிட்டுப் போகணும், காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுசா ஆன அப்புறம்தான் மறுபடி சேத்துக்குவாங்க. கண்டிப்பா இருக்காங்க, இருக்கணும், ஒரு குழந்தைக்கு வந்தா வரிசையா எல்லாத்துக்கும் வரும். ஆனா போன் முதல்ல அம்மாவுக்குத்தான் போகும்! ஃபார்ம்ல முதல் நம்பர் என்னோடதுன்னு எழுதி, மேடம்கிட்ட சொல்லி, நோட்டுலயும் போடச் சொல்லி, அப்பவும் வொய்ஃபுக்குத்தான் அடிச்சாங்க, அவ கவுன்ட்டர்ல இருபது பேர் லைன்ல நிக்கறப்ப போனை எடுக்க மாட்டா, அவங்க மூணு தடவை ட்ரை பண்ணிட்டு அப்புறம்தான் எனக்கு. அதுக்குள்ள அரை மணி நேரம் போயிடுச்சு, பாப்பா அழுது அழுது வாந்தி எடுத்து, நான் போறப்ப அக்கா ஈரத்துணியால நெத்தியைத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மேடம்கிட்ட சத்தம் போட்டேன். "பழக்கம் சார், அப்பாங்களுக்கு அடிச்சா மீட்டிங்ல இருக்கேன்னு கட் பண்ணுவாங்க"னாங்க. இப்ப எங்க பாப்பா ஃபைல்ல சிவப்பு ஸ்கெட்ச்ல 'அப்பாவுக்கு முதலில்'னு எழுதி ஒட்டியிருக்கு.

ஆபீஸ்ல இதோட மறுபக்கம். பதினோரு மணி மீட்டிங்ல இருந்து பாதில எந்திரிச்சுப் போறேன், மேனேஜர் சிரிச்சுக்கிட்டே "ஏன்ப்பா, உங்க வொய்ஃப் போக மாட்டாங்களா"ங்கறார். கெட்ட மனுஷன் இல்ல, நிஜமாவே அவருக்குப் புரியல. ஆனா அடுத்த நாள் டீம்ல எல்லார் முன்னாடியும் 'பொறுப்பான அப்பா'ன்னு பாராட்டும் அவரேதான். அதே டீம்ல ஒரு பொண்ணு, அவளுக்கு ரெண்டு பசங்க, அஞ்சு மணிக்குப் பையை எடுத்தா 'இன்னிக்கும் சீக்கிரமா'ன்னு ஒரு பார்வை. காலைல ஏழரைக்கே அவ லாகின் பண்ணது யாருக்கும் கண்ல படாது, ஏன்னா அப்ப யாரும் இல்ல. எனக்கு மெடல், அவளுக்கு அப்ரைசல்ல 'அவைலபிலிட்டி கம்மி'. யாரு எதுக்கு எவ்ளோ நேரம் செலவு பண்றாங்கன்னு மத்திய அரசு எடுத்த 2024 டைம் யூஸ் சர்வேல, சம்பளம் இல்லாம சொந்த வீட்டு வேலை பாக்கறவங்களை மட்டும் எடுத்துப் பாத்தாலே பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம்னு இருக்கு, அந்த 88க்கே எனக்குக் கை தட்டறாங்க.

அந்தப் பொண்ணு அளவுக்கு உழைக்கறவங்க ஆபீஸ்ல ரொம்ப கம்மி, அதையும் சொல்லிடறேன். ஃப்ளெக்ஸி குடுத்தா ஆளுங்க ஓபி அடிப்பாங்கன்னு மேல இருக்கறவங்க பயப்படறாங்க, நான் பாத்தது நேர்மாறா. ராத்திரி ஒன்பதரைக்கு குழந்தையைத் தூங்க வச்சுட்டு லாகின் பண்றவங்க, நடுவுல போயிட்டு வந்த ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு மணி நேரமா ஈடு கட்டறாங்க, அந்த குற்ற உணர்ச்சில. கம்பெனிக்கு லாபம்தான். 2023ல எகனாமிக்ஸ் நோபல் வாங்குன கிளாடியா கோல்டின் சொல்ற விஷயமும் இங்க பொருந்துது, எப்ப கூப்பிட்டாலும் வர்ற ஆளுக்குத்தான் பெரிய சம்பளம், அதனால வீட்ல ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்த வேலைக்குப் போயிட்டு இன்னொருத்தர் வளையற வேலைல பின்தங்கிடறாங்கன்னு. எங்க வீட்ல வளையறது நானு, அதனால வெளிநாட்டுல கிளையன்ட் இடத்துக்கே போய் வேலை பாக்கற ஆன்சைட் சான்ஸ் ஒண்ணு வேற ஆளுக்குப் போச்சு. வருத்தம் இருக்கு, ஆனா டேகேர் சரியா இருக்கறதால வேலையை வெறுக்கற அளவுக்குப் போகல. மூணு மணில இருந்தே கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு கோட் எழுதறது நின்னுருக்கு.

கம்பெனியே டேகேர் குடுக்கணும்னு சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. 2017ல மகப்பேறு சட்டத்தைத் திருத்துனப்பதான் லீவை 26 வாரம் ஆக்குனாங்க, அப்பவே 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்கற இடத்துல கிரெச், அதாவது குழந்தைங்களைப் பாத்துக்கற காப்பக வசதி இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் குழந்தையைப் பாத்துட்டு வரலாம்னும் போட்டாங்க. வொய்ஃப் அந்த 26 வாரத்தை முழுசா எடுத்தா, அது பெரிய உதவி. ஆனா கிரெச்னு வந்தா அவ பிராஞ்ச்ல மொத்தமே பத்துப் பேர் தேற மாட்டாங்க. என் ஆபீஸ்ல ஆயிரக்கணக்குல இருக்காங்க, டை-அப்ல டேகேர் இருக்கு, அலவன்ஸும் இருக்கு, ஆனா லேடி எம்ப்ளாயிக்கு மட்டும். ஹெச்ஆர்ல கேட்டா சட்டமே மகப்பேறு சட்டம்தானே சார்ங்கறாங்க. அப்பாவுக்குக் குழந்தை இருக்கறது அவங்க சிஸ்டத்துல எங்கயும் இல்ல போல. அதனால மாசம் பத்தாயிரத்துக்கு மேல இந்த டேகேருக்குப் போறது மொத்தமும் எங்க கைல இருந்துதான்.

மழை லீவு பத்திக் கண்டிப்பா சொல்லணும், நவம்பர் டிசம்பர்ல சேக்கறவங்களுக்கு. காலைல கலெக்டர் ஸ்கூல் காலேஜ் லீவுன்னு அறிவிப்பார், ஐடி கம்பெனி மெயில்ல 'வொர்க் ஃப்ரம் ஹோம் எடுத்துக்கலாம்'னு வரும், பேங்க் திறந்தே இருக்கும். டேகேர்? பெரும்பாக்கம் செம்மஞ்சேரி பக்கம் தண்ணி நின்னா ஆயாங்களால வரவே முடியாது, அவங்க வரலன்னா டேகேர் இல்ல. மேடம் காலைல ஏழு மணிக்குள்ள குரூப்ல தெளிவா போட்டுடறாங்க, ஃபுல்லா லீவா இல்ல கம்மி பேரை மட்டும் எடுப்பாங்களான்னு. அந்த நாளுக்கு மணி நேரம் கழிக்க மாட்டாங்க, ஆயாங்க சம்பளத்துலயும் பிடிக்கறது இல்லன்னு அக்கா சொன்னாங்க. இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

சனிக்கிழமை மத்தியானம் ஒண்ணு வரைக்கும்தான், எனக்கு லீவுங்கறதால ஓகே, ரெண்டு பேருமே சனிக்கிழமை வேலைக்குப் போறவங்களுக்கு சரிப்படாது. சாப்பாடு நம்மதான் கட்டிக் குடுக்கணும், சாயங்காலம் சுண்டலோ வாழைப்பழமோ அவங்க குடுப்பாங்க. டாய்லெட் சுத்தம். கேமரா இருக்கு, ஆப்ல லைவ் காட்ட மாட்டாங்க, கேட்டா ரெக்கார்டிங் காட்டுவாங்க, எனக்கு அதுதான் சரின்னு படுது, நாள் முழுக்க ஆயாவை மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கா வேலைக்குப் போறோம். தூங்கற ரூம்ல ஜன்னல் சின்னது, மே மாசம் புழுங்கும், ஏசி மத்தியானம் மட்டும். டெபாசிட் திருப்பிக் குடுக்கறதுல கொஞ்சம் இழுக்கறாங்கன்னு குரூப்ல ஒருத்தர் எழுதியிருந்தார், எனக்கு அனுபவம் இல்ல. கார் நிறுத்த இடம் சுத்தமா கிடையாது, டூவீலர்ல வாங்க.

மொத்தத்துல அஞ்சுக்கு மூணரை. போர்டை மாத்தினா நாலு போடறேன்.

இதையோ வேற எந்த டேகேரையோ பாக்கப் போறவங்க காலைல பத்து மணிக்குப் போகாதீங்க, அப்ப எல்லா இடமும் நல்லாத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் போங்க, எத்தனை குழந்தை மிச்சம் இருக்கு, எத்தனை ஆயா இருக்காங்கன்னு எண்ணுங்க, லேட் ஃபீஸ் யாருக்குப் போகுதுன்னு மேடம்கிட்ட இல்ல, ஆயாகிட்ட கேளுங்க.